ராசன் எந்த ஊருங்கப்பா?

சாமி,

சௌக்கியம் விசாரித்து ஆரம்பிக்கிற தெம்பு இன்றைக்கு எனக்கு இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்தில் உன் ஹாஸ்டலுக்கு எதிரே இருக்கிற எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாய். வடக்கே மலையில், பைன் மரத்தில் பிசின் எடுக்கிற காட்டில், உனக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது என்றாய். ஆர்டர் கைக்கு வந்துவிட்டது, சீக்கிரம் பதில் எழுத வேண்டும் என்றாய். நான் மூச்சு விடுவதற்குள், "நீங்க போன்னு சொன்னாப் போறனுங்கப்பா, வேண்டாம்னா விட்டர்றனுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். மீட்டர் ஓடுகிறதே என்று வைத்தாயோ, என் பதிலைக் கேட்கப் பயந்து வைத்தாயோ, தெரியவில்லை. பாவாடை நிறத்திலிருந்து படிப்பு வரைக்கும் இந்த வீட்டில் எல்லாம் உன் இஷ்டப்படிதான் நடந்தது. இந்த ஒன்றை மட்டும் கொண்டுவந்து என் தலையில் கட்டியிருக்கிறாய். நல்ல நியாயம் கண்ணு.

எனக்கு அலுத்துப்போய்விட்டது. உடம்பு அலுப்பென்றால் படுத்து எழுந்தால் சரியாகும். இது பேசிப் பேசி வந்த அலுப்பு. உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன பையனின் அப்பா, அந்தச் சோமனூர்க்காரர், தினமும் போன் செய்கிறார். பையனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீயும் பார்த்தாய், பேசினாய், பிடிக்கவில்லை என்று நீயும் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குத் தை மாதமே கல்யாணம் வேண்டும், பெண் வேலைக்குப் போகக் கூடாது. உங்கம்மாவுக்கு இந்த இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம். பயத்தில் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். உன் மாமன் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து, "காட்டுல போயி என்ன பண்ணும் மச்சா இந்தப் புள்ள?" என்று ஒரே கேள்வியை ஒன்பது விதமாகக் கேட்டுவிட்டுப் போனார். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் எல்லோருக்கும் தலையாட்டி எனக்குக் கழுத்தே வலிக்கிறது. அதனால்தான் இப்போது கரண்ட் இல்லாத மத்தியானத்தில், வேலம்பாளையத்தில் நம் பனியன் கம்பெனியில், மிஷின் எல்லாம் நின்ற அமைதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்.

இந்த இடம் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது ஒவ்வொரு மிஷினுக்கும் தனி மோட்டார். அன்றைக்கு மேலே ஒரே இரும்பு ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு நிட்டிங் மிஷினுக்கும் ஒரு பட்டை பெல்ட் இறங்கும். மழைக்காலம் வந்தால் போதும், பெல்ட் ஈரம் குடித்து வழுக்கும். வழுக்கினால் மிஷின் திக்கித் திக்கி ஓடும், துணியில் வரி வரியாக விழும். அந்தத் துணியில் பனியன் தைத்தால் எந்தக் கடைக்காரன் வாங்குவான்? அதற்கு ஒரே மருந்து, பெல்ட் மேல் ஒரு பொடியைத் தூவுவது. கண்ணாடிக் கட்டிபோல மஞ்சளாக வரும், இடித்து டப்பாவில் வைத்திருப்போம். தூவினதும் கிரீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் பெல்ட் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். அதற்கு இங்கிலீஷில் ரோசின் என்று பேராம். அது நீ பிற்பாடு படித்துச் சொன்னது. நம் ஊர் வாய்க்கு அது எப்போதும் ராசன்தான். "மூணாம் நம்பரு வழுக்குது, ராசனைப் போடு!" என்று ஃபிட்டர் கத்தினால் யாராவது டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வேலைக்கு வந்தான். அவன் பேரும் ராசன். நல்ல வாட்டசாட்டமான ஆள், மீசை வேறு. வந்த முதல் நாளே அடைமழை. பெல்ட் வழுக்க ஆரம்பித்தது. ஃபிட்டர் வழக்கம்போல, "ராசனைப் போடுங்கடா, சீக்கிரம் போடுங்க!" என்று கத்தினார். அவ்வளவுதான், இந்த ஆள் நூல் கோனைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "மொதலாளி, நான் என்ன செஞ்சேன்? வந்து முழுசா ஒரு நாளு ஆவலை, அதுக்குள்ள என்னையப் போடச் சொல்லுதாவளே!" என்றான். கம்பெனியே சிரித்தது. ஃபிட்டர் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டார், பெல்ட்டைக் கவனிக்க ஆளில்லாமல் ஒரு சுருள் துணி வீணாகப் போனது. அன்றிலிருந்து அவன் 'ஆள் ராசன்', பொடி 'டப்பா ராசன்'. அவன் இப்போது நல்லூரில் சொந்தமாக நாலு தையல் மிஷின் போட்டிருக்கிறான். எங்கே பார்த்தாலும், "மொதலாளி, என்னைய இன்னும் போடலியே!" என்பான்.

உனக்கு அப்போது ஒன்றாவதோ இரண்டாவதோ. பள்ளிக்கூடம் விட்டதும் இங்கேதான் வருவாய். ஆள் ராசனுக்கு ஊர் திருநெல்வேலி என்று தெரிந்ததும் ஒரு நாள் டப்பாவைக் காட்டி, "இந்த ராசன் எந்த ஊருங்கப்பா?" என்று கேட்டாய். "வடக்கீங்க கண்ணு" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ விடவில்லை. "வடக்கன்னா அவினாசிங்களா?" என்றாய். அதுக்கும் வடக்கு என்றேன். "எதுக்கு இங்க வந்தாருங்க? அவங்க ஊட்டுல தேடமாட்டாங்களா?" என்றாய். டப்பாவுக்குள் ஒருவர் குடியிருக்கிறார் என்றே கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு மாமன் வீட்டுக்குப் போனால் அங்கிருந்து கார்டு போடுவாய். கோணல் கோணலான எழுத்து. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ஆள் ராசனையும் டப்பா ராசனையும் கேட்டதாகச் சொல்லவும். ஆள் ராசனிடம் சொல்வேன். டப்பாவைத் திறந்து அதனிடமும் சொல்வேன். யாரும் பக்கத்தில் இல்லாதபோதுதான்.

உன் கேள்விக்குப் பதில் தெரியாதது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. ஒரு தடவை சரக்கு கறுப்பாக வந்தது. மரப்பட்டைத் தூள் கலந்த மட்ட ரகம். பெல்ட்டில் போட்டால் கரும்புள்ளியாகப் பறந்து வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொண்டது. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "நான் என்னுங்க பண்றது? மரத்துல இருந்து அப்படித்தான் வருதாமா. அங்க வெட்டறவன் எப்படி வெட்டறானோ" என்றார். மரத்திலிருந்து வருகிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அத்தனை வருஷம் அது ஏதோ மலையில் தோண்டுகிற கல் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன், "ராசன் மரத்துல இருந்து வர்றாருங்க கண்ணு, மரத்தோட வேர்வை." நீ பெரிய மனுஷிபோலத் தலையாட்டினாய். பிற்பாடு பன்னிரண்டாவது முடித்து எல்லாப் பெண்களும் பி.காம். சேர்ந்தபோது நீ மட்டும் வனவியல் படிக்கப் போகிறேன் என்று நின்றாய். உங்கம்மா என்னைத்தான் திட்டினாள். நான் என்ன செய்தேன்? ஒரு டப்பாவைக் காட்டினேன், அவ்வளவுதான்.

கடைசி வருஷம் ப்ராஜெக்ட் என்று ராசன் வருகிற அந்த வடக்குப் பைன் காட்டையே எடுத்துக்கொண்டாய். பெண் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது என்று துணைக்கு நான் வந்தேன். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்னும் இடுப்பு வலிக்கிறது. டெல்லி வரைக்கும் ரயில், அதற்கு மேல் பஸ், அதற்கும் மேல் ஜீப். வெயில் காலம்தானே என்று ஒரு சால்வைகூட எடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன். மலையில் சாயங்காலம் ஆனதும் பல் தந்தி அடித்தது. சாப்பாட்டுக்கு ரொட்டி, ரொட்டி, மறுபடியும் ரொட்டி. ஆனால் முதல் நாள் காலையில் அந்தக் காட்டுக்குள் காலை வைத்ததும் நான் நின்றுவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்த வாசனை. நம் கம்பெனியின் மழைக்கால வாசனை. இத்தனை ஆயிரம் மைல் தாண்டி, முன்பின் தெரியாத மலையில், என் சொந்தக் கம்பெனிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. "டப்பா ராசன் ஊடு வந்தாச்சுங்கப்பா" என்று சொல்லி நீ சிரித்தாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர்க்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றைக்கு நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆதியில் மரத்தின் அடியில் பள்ளமாகக் குடைந்து, அதில் தேங்குவதை அள்ளுவார்களாம். அப்புறம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த முறை: பட்டையைச் சீவி, மண்வெட்டிபோல வளைந்த வாய்ச்சியால் மரத்துக்குள்ளேயே செதுக்கி, கீழே ஒரு தகட்டை அடித்து, அதற்கடியில் கிண்ணம் தொங்கவிடுவது. வாரா வாரம் இன்னும் கொஞ்சம் மேலே செதுக்கினால் புதிதாக வடியும். அப்படிச் செதுக்கிய பழைய மரங்களைக் காட்டினாய். ஆள் உயரத்துக்குக் காயம், ஒரு பக்கம் கரி பிடித்திருந்தது. பிசின் வழிந்த காயத்தில்தான் காட்டுத்தீ முதலில் பற்றுமாம். காற்றடித்தால் அந்த இடத்தில்தான் ஒடியுமாம். ஒடிந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்துதான் நான் மூச்சு வாங்கினேன். "வேர்வை வர்றதுக்கு இந்த வெட்டா வெட்டோணும்?" என்று கேட்டேன். "வேர்வை இல்லீங்கப்பா. காயம் பட்டா மரம் தனக்குத் தானே போட்டுக்கற மருந்துங்க" என்றாய். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அத்தனை வருஷம் அதன் மருந்தை எடுத்து நான் பெல்ட்டுக்குப் போட்டிருக்கிறேன்.

பக்கத்துச் சரிவில் புது முறை. பட்டையை மட்டும் வழவழவென்று சீவி, நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் அதில் வந்து சேர்கிற மாதிரி சாய்வாக மெல்லிய கீறல்கள். நகத்தளவு ஆழம்கூட இருக்காது. கீறல் அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு அமிலத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். மரம் நிற்கும், காயம் ஆறும், வருஷக்கணக்கில் பிசினும் கிடைக்கும் என்றாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீ குனிந்து கீறலில் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "இது அளவு தாண்டிப் போயிருக்குதுங்க" என்று இந்தியும் இங்கிலீஷும் கலந்து, மரங்களைக் குத்தகைக்கு எடுத்த காண்டிராக்டரிடம் சண்டைக்கு நின்றாயே, அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மொழி தெரியாத ஊர், சுற்றிலும் கையில் கத்தி வைத்த ஆட்கள். "சும்மா இரு கண்ணு, வந்த எடத்துல நமக்கு எதுக்கு வம்பு" என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ நகரவில்லை. அந்த ஆள் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தான். நூல் ஏஜெண்டுகளிடம் நான் கற்ற அரைகுறை இந்தியில் எனக்குப் புரிந்தது இதுதான்: வெட்டினால் வடிகிறது, இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது?

அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் நீ அழுதாய். புது முறை வந்தும் ஏன் ஆழமாகவே வெட்டுகிறார்கள், சொல்லிக்கொடுத்தது போதவில்லையா, ஆயுதம் சரியில்லையா என்று நோட்டில் எழுதி எழுதிக் குழம்பிக்கொண்டிருந்தாய். நான் டீயை ஆற்றிக்கொண்டே, "அவங்களுக்குக் கூலி எப்படீங்க கண்ணு?" என்று கேட்டேன். எடைக்கு என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் நிட்டிங் ஆட்களுக்குக் கிலோக் கணக்கில் கூலி கொடுத்தபோது துணியில் ஓட்டை விழுந்தாலும் ஒருத்தனும் மிஷினை நிறுத்தமாட்டான். நிறுத்தினால் எடை குறையுமே, அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. "எடைக்குக் கூலி குடுத்தா எந்த ஊர்லயும் கத்தி ஆழமாத்தான் போகும் சாமி. கத்திய அளக்காத, கூலிய மாத்தச் சொல்லு. மரம் நல்லா இருந்தா இத்தனைன்னு குடுக்கச் சொல்லு" என்றேன். நீ அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாய். அப்புறம் அதை உன் ப்ராஜெக்டில் இங்கிலீஷில் எழுதி, கீழே என் பேரையும் போட்டாய். எனக்கு அந்தப் பக்கத்தில் படிக்கத் தெரிந்தது என் பேர் மட்டும்தான். எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று உங்கம்மாவைக் கேள்.

இப்போது நேற்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். சோமனூர்க்காரர் போன் செய்தார். மரியாதையான மனுஷர், குரல் உயர்த்தவில்லை. "ஏனுங்க, முடிவு சொல்லாம இழுக்கறீங்களே. புள்ள படிச்ச புள்ளைங்கறீங்க, நாங்க இல்லீங்கலைங்க. நம்ம எக்ஸ்போர்ட் ஆபீசுல ஏசி ரூமு இருக்குது, வந்து சும்மா உக்காந்திருக்கட்டும், யாரு வேண்டாங்கறாங்க? காட்டுல போயி பிசினு எடுக்கறதுல என்னுங்க ஆராய்ச்சி? வெட்டுனா வடியுது" என்றார்.

வெட்டினால் வடிகிறது. அதே வார்த்தை, கண்ணு. அந்த மலையில் கேட்ட அதே வார்த்தை. எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "அப்படிச் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. அது மரத்தின் வேர்வை இல்லை, மருந்து என்றேன். ஆழமாக வெட்டினால் இந்த வருஷம் டப்பா நிறையும், அப்புறம் காற்றுக்கு ஒடியும், தீ பிடிக்கும் என்றேன். நகத்தளவு கீறலுக்கும் விரலளவு வெட்டுக்கும் நடுவில்தான் ஒரு காடே நிற்கிறது என்றேன். எடைக் கூலியைப் பற்றிச் சொன்னேன். பாவம், அவரும் தறி போட்டு ஆட்களுக்குக் கூலி கொடுக்கிறவர்தானே, அந்த இடத்தில் மட்டும் "அது வாஸ்தவமுங்க" என்றார். நான் பேசப் பேச, இதெல்லாம் நீ பேசின பேச்சு என்று எனக்கே காதில் விழுந்தது. வாய் என்னுடையது, பேச்சு உன்னுடையது. சமையல் கட்டிலிருந்து உங்கம்மா வெளியே வந்து கதவோரம் நின்றாள். இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்தாள். "ஏனுங்க, மரத்தப் பத்தி இத்தனை பேசறீங்க. நம்ம புள்ளையப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அவள் கல்யாணத்தை நினைத்துத்தான் கேட்டாளோ என்னவோ, எனக்கு அது பிள்ளைக்காகவும் வாயைத் திற என்று சொன்ன மாதிரி பட்டது. போனில் சொன்னேன்: "எம் புள்ள போகுதுங்க. நீங்க பொறுத்திருக்க முடிஞ்சா பொறுங்க. கல்யாணத்துக்கப்புறமும் இந்த வேலையத்தான் பாக்கும். ஒத்து வரலீன்னா நீங்க வேற எடம் பாத்தாலும் எங்களுக்கு வருத்தமில்லீங்க." அவர் "சரீங்க" என்று வைத்துவிட்டார். அது எந்தச் சரி என்று எனக்குப் புரியவில்லை. இன்றைக்கு இன்னும் போன் வரவில்லை. வருத்தமில்லை என்று அவரிடம் சொன்னேனே தவிர எனக்கு நிறைய வருத்தம். நல்ல பையன். பையனுக்கே உன்மேல் மனசிருந்தால் அவன் பேசட்டும், பார்க்கலாம்.

உன்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை. நீ அவ்வளவு தூரம் போவது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. கடுதாசி போட்டால் வந்துசேர ஒரு வாரம், உடம்புக்கு ஒன்றென்றால் ஓடி வர முடியாது. லீவு நாள் சாயங்காலத்தில் இனி யாருடன் பேசிக்கொண்டிருப்பது என்று தெரியவில்லை. இத்தனையும் சொல்லிவிட்டுத்தான் சொல்கிறேன்: போ. நான் சொன்னதால் போகிறேன் என்று நாளைக்கு யாரிடமும் சொல்லாதே, நீ போக நினைத்தாய், அதனால் போகிறாய். இனிமேல் இப்படி ஒரு கேள்வியை என் தலையில் தூக்கி வைக்காதே. எனக்கு வயதாகிவிட்டது.

அங்கே போனால் அமிலம் அடிக்கிற இடத்தில் கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் நிற்காதே. காண்டிராக்டரிடம் சண்டை போடு, நான் இனிமேல் கையைப் பிடித்து இழுக்கமாட்டேன், ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போடு. வெட்டுகிற ஆட்களோடு சண்டை போடாதே, அவர்களோடு உட்கார்ந்து டீ குடி. உங்கம்மா இன்று காலையில் காதர்பேட்டைக்குப் போய் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பீஸில் கனமான பனியன் அரை மூட்டை வாங்கி வந்திருக்கிறாள். நெஞ்சில் ஏதோ எழுத்து தலைகீழாக அச்சாகியிருக்கிறது. "அந்தக் குளுருல எவன் படிக்கப் போறான்" என்கிறாள். அவள் சம்மதத்தை அவ்வளவுதான் சொல்வாள், நீ அதற்கு மேல் கேட்காதே.

கரண்ட் வந்துவிட்டது. மிஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன, இனிமேல் எழுத முடியாது. பெல்ட்டெல்லாம் கழற்றி எத்தனையோ நாளாகிறது. இருந்தாலும் அந்த டப்பா அலமாரியில் அப்படியேதான் இருக்கிறது, அடியில் கொஞ்சம் பொடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது திறந்து பார்த்தேன், வாசனை போகவில்லை. நீ அங்கே போய்ச் சேர்ந்து முதல் மரத்தடியில் நிற்கும்போது, பக்கத்தில் யாரும் இல்லையென்றால், ராசனை அப்பா கேட்டதாகச் சொல்.

அப்பா